படிக்க நேரம் தேடும் மும்பைத் தமிழர்கள்

(நமது பகுதி நேர நிருபர்)

மும்பையில் உத்தியோகம் பார்க்கும் தமிழர் யாரையாவது நிறுத்தி, "சமீபத்தில் என்ன படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நேரம் எங்கே சார் இருக்கிறது?" என்று பதில் வரும். ஆனால் அவர் மேஜை டிராயரைத் திறந்தால் வேறு கதை தெரியும். இந்தி பரீட்சைப் புத்தகம் ஒன்று, பாதியில் நின்ற ஆங்கில இலக்கணம் ஒன்று, ஊருக்குப் போன போது வாங்கி வந்து பிரிக்காமலே இருக்கும் நாவல் ஒன்று. வீட்டுப் பரண் மேல் உறை போட்ட மிருதங்கம் இருந்தாலும் வியப்பதற்கில்லை. ஆசைக்குக் குறைவில்லை என்பதுதான் இதற்கெல்லாம் பொருள்.

அப்படியானால் இந்த நகரத்தில் படிப்பையும் பொழுதுபோக்கையும் விடாமல் வைத்திருப்பவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்? அலுவலகத்திலும் லோக்கல் ரயிலிலும் தாராவிச் சந்துகளிலும் பலரிடம் பேசிப் பார்த்தேன். இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. நீடித்து நிற்பவர்கள் ஒன்றைத்தான் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். அந்த ஒன்றுக்கான நேரமும் வானத்திலிருந்து வந்ததல்ல. வேறு ஏதோ ஒன்றிலிருந்து, பல வீடுகளில் வேறு யாரோ ஒருவரிடமிருந்து, எடுக்கப்பட்டது.

ரயில் கணக்கு

முதலில் எல்லோரும் போடும் கணக்கைப் பார்ப்போம். டோம்பிவிலியிலிருந்து பழைய வி.டி. நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை சுமார் 48 கிலோமீட்டர். ஃபாஸ்ட் வண்டியிலும் ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும். போக வர 2 மணி 20 நிமிடம். விடுமுறைகளைக் கழித்து ஆண்டுக்கு 280 நாள் என்று வைத்தால், 650 மணி நேரத்துக்கு மேல் தண்டவாளத்தின் மீதே கழிகிறது. "அத்தனை மணி நேரத்தில் ஒரு பட்டமே வாங்கி விடலாமே!" என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலை எட்டரை மணி வண்டியில் டோம்பிவிலியில் ஏறிப் பார்த்ததில்லை போலும்.

அந்த வண்டியில் கையை உயர்த்தினால் கீழே இறக்க இடம் இருக்காது. புத்தகத்தைப் பிரிப்பது எங்கே? மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக் கொள்வது மும்பையின் எழுதாத சட்டம். இந்த 'நாலாவது சீட்' கிடைத்தவருக்கு ஒரு கால் பலகையிலும் ஒரு கால் நடைபாதையிலும் இருக்கும். அதையும் பிடிப்பதற்கு, உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குகிறீர்கள்?" என்று இந்தியில் முன்கூட்டியே கேட்டு இடம் சொல்லி வைக்க வேண்டும்.

ஆகவே உருப்படியாகப் படிக்கக் கிடைப்பது இரண்டு வேளையும் சேர்த்து 20 நிமிடம் என்று வைத்துக் கொள்வதே நேர்மை. அதுவும் சாமானியமல்ல. ஆண்டுக்கு 90 மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். மணிக்கு 20 பக்கம் படிப்பவர் ஐந்தாறு நாவல்களை முடித்து விடலாம்.

இந்த 20 நிமிடத்தைப் பெரிதாக்கிக் கொள்ள விலை கொடுப்பவர்களும் உண்டு. டோம்பிவிலியில் குடியிருக்கும் கணக்கர் ஒருவர், மும்பை பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருக்காமல் எதிர்த் திசையில் கல்யாணுக்குப் போகும் வண்டியில் ஏறுகிறார். அதே வண்டி கல்யாணிலிருந்து திரும்பும் போது அவருக்கு ஜன்னலோர இருக்கை. இதற்காகவே சீசன் டிக்கெட்டைக் கல்யாணிலிருந்து எடுத்திருக்கிறார். வீட்டை விட்டு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார். "தூக்கத்தில் அரை மணியைக் கொடுத்து, படிப்பில் ஒரு மணியை வாங்குகிறேன்" என்கிறார். முழுசாக உட்கார்ந்து, தானே வந்து கடக்கும் நிலையங்களைக் கூடப் பார்க்காமல், பட்டயக் கணக்கர் தேர்வுப் பாடங்களை இப்படித்தான் படித்து வருகிறார். அவர் அருகே நான்கு பேர் முழங்கால் மேல் பெட்டியைக் கிடத்திச் சீட்டாடுகிறார்கள். பெட்டியின் அடுத்த கோடியில் தாளம் தட்டி பஜனை நடக்கிறது. இரண்டும் அவர் காதில் விழுவதில்லையாம்.

உட்கார இடமே கிடைக்காதவர்களுக்குக் காது இருக்கிறது. எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் போர்ட்டர் ஒருவர், நிலையத்தில் கிடைத்த இலவச வைஃபையைக் கொண்டு, சுமை தூக்கிக் கொண்டே காதில் பாடம் கேட்டு, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறியது 2018-ல் நாடெங்கும் செய்தியாயிற்று. இன்று லோக்கலில் தொங்கி வரும் பல இளைஞர்கள் காதில் ஓடுவது சினிமாப் பாட்டு மட்டுமல்ல. வங்கித் தேர்வுப் பாடமும் ஓடுகிறது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வாசலில் நின்று கொண்டு கைப்பேசியைப் பார்ப்பதும், காதை அடைத்துக் கொண்டு தண்டவாளத்தைக் கடப்பதும் படிப்பல்ல. 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே எதிரெதிரே வந்த இரு வண்டிகளின் வாசலில் நின்றவர்கள் விழுந்து உயிரிழந்ததை இந்தத் தடத்தில் போகிற எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே இருந்து எழுதியவர்

மும்பையில் உத்தியோகத்தோடு இலக்கியமும் நடத்த முடியும் என்பதற்கு நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. நாஞ்சில் நாடன் 1970-களில் இந்த நகருக்கு வேலைக்கு வந்தவர். தனியார் நிறுவன வேலை, அதிலும் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரிவு. அவருடைய முதல் கதை 1975-ல் 'தீபம்' இதழில் வந்தது. முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' 1977-ல் வெளியாயிற்று. 2010-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவர், முழு நேர எழுத்தாளராக இருந்து கொண்டு அந்த நாவலை எழுதவில்லை என்பதை இங்குள்ள இளைஞர்கள் நினைவில் வைப்பது நல்லது.

ஆனால் இத்தகைய பெயர்களை மட்டும் காட்டிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எங்களுக்கெல்லாம் பெருமைதான். விளையாட்டு வீரருக்குப் பயிற்சிக்கென விடுப்பும் சலுகையும் உண்டு. அது நியாயமும் கூட. சாதாரணக் குமாஸ்தாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் தமது சொந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். எதை எடுத்தார், எதை இழந்தார் என்று யாரும் கேட்பதும் இல்லை.

கேரம் பலகையும் பரீட்சையும்

ரயில்வே குடியிருப்பு உள்ள இடங்களில் எல்லாம் இன்ஸ்டிடியூட் ஒன்று இருக்கும். நூலகம், கேரம் பலகைகள், சீட்டாட்ட மேஜை. மாலையில் இளைப்பாற வேறு இடம் இல்லாதவர்களுக்கு அதுவே கோயில் மண்டபம். அப்படிப்பட்ட ஓர் இன்ஸ்டிடியூட்டில் நமது தமிழர் ஒருவர் கேரம் ஆட்டத்தில் பெயர் பெற்றவர். திருச்சிக்காரர். அவர் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தால் பக்கத்துப் பலகைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்தி விட்டு வந்து நிற்பார்கள். சிவப்புக் காயைப் போட்டு அதற்குத் துணைக் காயையும் அதே மூச்சில் போடுவது அவருக்குச் சாதாரணம்.

பிளஸ் டூவோடு வேலைக்கு வந்தவர் அவர். எங்கள் துறையில் பட்டம் பெற்ற இளநிலை எழுத்தர்களுக்கு மட்டும் நடக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறினால் வரிசையில் காத்திருக்காமல் மேல் பதவிக்குப் போகலாம். பட்டம் இல்லாதவர் மனுவே போட முடியாது. பத்தாம் வகுப்போடு உள்ளே வந்த என் போன்றவர்களுக்கு அந்தச் சுற்றறிக்கை வரும் நாளெல்லாம் கொஞ்சம் கசப்பான நாள்தான். அவர் கசந்து கொண்டு உட்காரவில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தார். 1985-ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் மூன்றாண்டில் முடிக்க இயலாதவர்களுக்கு ஆறாண்டு வரை அவகாசம் கிடைக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவருக்கு நான்காண்டு ஆயிற்று. பிறகு துறைத் தேர்வு. முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினார்.

இத்தனை ஆண்டும் இன்ஸ்டிடியூட் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. "போனால் ஒரு ஆட்டத்தோடு வர முடியாது சார், அது எனக்குத் தெரியும்" என்றார். பதவி உயர்ந்து, மகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்த பிறகு ஒரு மாலை மீண்டும் போனார். பலகையில் போரிக் பவுடர் தூவிக் கொடுத்தவன், முன்பு இவரிடம் ஆட்டம் கற்ற பையன். அவனிடமே தோற்றார். அடுத்த வாரமும் தோற்றார். "கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வர மாட்டேன் என்கிறது" என்று சொல்லி விட்டுச் சிரித்தார்.

அவர் செய்தது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். சம்பளமும் மகள் படிப்பும் லேசானவை அல்ல. ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று இருந்தது. சுயமுன்னேற்றப் புத்தகங்களில் அதற்கு ஓர் அத்தியாயம் கிடையாது. இரண்டையும் சேர்த்தே நடத்தியிருக்கலாம் என்று அந்தப் புத்தகங்கள் சொல்லும். அவற்றை எழுதியவர்கள் ஷிப்டு டூட்டி பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வசதியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிரபோத், பிரவீண், பிராக்ய என்ற இந்தி தேர்வுகளுக்கான வகுப்புகள் அலுவலக நேரத்திலேயே நடக்கின்றன. உரிய தேர்வில் தேறியவருக்கு ஓராண்டு காலம் ஓர் இன்க்ரிமென்ட் அளவுக்குத் தனிச் சம்பளமும் கிடைக்கிறது. வீட்டு நேரத்தில் கை வைக்காமல் கற்க முடிந்த ஒரே படிப்பு அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். இந்தி மேல் பற்றா, இன்க்ரிமென்ட் மேல் பற்றா என்று கேட்டால் சிரித்து மழுப்பி விடுகிறார்கள்.

டயரியும் குழாயும்

தானேயில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் புது டயரியின் முதல் பக்கத்தில் திட்டம் எழுதுபவர். இந்த ஆண்டுத் திட்டத்தை எனக்குக் காட்டினார். காலை 5 மணிக்கு எழுதல், யோகாசனம் அரை மணி, ஆங்கிலச் சொற்கள் பத்து, மராத்தி ஒரு பாடம், நாவல் இருபது பக்கம், இரவில் புல்லாங்குழல் பயிற்சி. பொங்கலுக்கு முன்பே புல்லாங்குழல் பீரோவுக்குள் போயிற்று. மாசி பிறப்பதற்குள் ஆசனமும் போயிற்று. மராத்தி மட்டும் பங்குனி வரை தாக்குப் பிடித்தது.

நாங்கள் இதைப் பேசிச் சிரித்துக் கொண்டிருந்த போது அவருடைய மனைவி காப்பி கொண்டு வந்தார். கும்பகோணத்துப் பக்கம். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் வாய்ப்பாட்டு கற்றவர். வர்ணம் முடிந்து கீர்த்தனைக்கு வந்திருந்த சமயத்தில் மும்பைக்கு வந்து விட்டார். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணா, இவர் அஞ்சு மணிக்கு எழுந்து படிக்கணும்னா, நான் நாலரைக்கு எழுந்து காப்பி போடணும். அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும்தான் குழாயில தண்ணி. அதைப் பிடிக்கணும். ரெண்டு டிபன் டப்பா கட்டணும். இவர் ஒருத்தர் முன்னேற ரெண்டு பேர் முழிச்சிண்டு இருக்கோம். அந்த டயரியில என் பேர் எங்கேயாவது இருக்கான்னு பாருங்கோ."

நண்பர் டயரியை மூடி வைத்து விட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 1992 மே மாதம் மேற்கு ரயில்வேயில் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே பெண்களுக்கு மட்டுமான லோக்கல் ரயில் தொடங்கியது. அதிலும் சரி, மற்ற வண்டிகளின் பெண்கள் பெட்டியிலும் சரி, மாலையில் என்ன நடக்கிறது என்று அலுவலகத் தோழி ஒருவரிடம் கேட்டேன். பீன்ஸ் நறுக்குகிறார்கள், பட்டாணி உரிக்கிறார்கள், வெந்தயக்கீரை ஆய்கிறார்கள். ஆண்கள் பெட்டியில் சீட்டும் பஜனையும் புத்தகமும் நடக்கும் அதே ஒரு மணி நேரம் அங்கே இரவுச் சமையலின் முதல் பாகமாகி விடுகிறது. "கீரையை வண்டியிலேயே ஆய்ந்து விட்டால் ராத்திரி பத்து மணிக்குக் கதைப் புத்தகம் எடுக்கலாம். ஆனால் பத்து மணிக்குக் கண் எங்கே திறந்திருக்கும்?" என்றார் தோழி. மும்பையில் வாழும் எழுத்தாளர் அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற கதையை எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூலை இப்போது ரயில் பெட்டிக்குள்ளும் வந்து விட்டது என்றே சொல்ல வேண்டும்.

தானே நண்பர் வீட்டில் பிறகு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. காலைத் தண்ணீர் பிடிக்கும் வேலை அவருடையதாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் பொறுப்பும் அவருக்கே. அம்மையார் சனிதோறும் ஸ்லோ வண்டி பிடித்து மாட்டுங்காவுக்குப் பாட்டு வகுப்புக்குப் போய் வருகிறார். நின்று போன இடத்திலிருந்து தொடங்க முடியவில்லையாம். சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பக்கத்தில் உட்காருவது பத்து வயதுச் சிறுமிகள். "வெட்கமாக இல்லையா?" என்று கேட்டேன். "முதல் ரெண்டு வாரம் இருந்தது" என்றார். நண்பருடைய திட்டத்தில் இப்போது மராத்தி ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதையும் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசியே கற்கிறார். டயரிப் படிப்பைக் காட்டிலும் இது வேகமாக வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

பதினொரு மணித் திண்ணை

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரைப் பார்க்கச் சொல்லி ஒரு நண்பர் அனுப்பினார். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறரைக்குள் சைக்கிளில் பாத்திரம் கட்டிக் கிளம்புகிறவர். பத்தரைக்குத் திரும்புகிறார். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் கண்டவர்.

பதினொரு மணிக்கு அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். விளம்பரத்தையும் விடுவதில்லை. பிறகு தினம் ஒரு குறள், உரையோடு. தெரியாத சொல்லைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்கிறார். 1330 குறளை இந்தக் கணக்கில் முடிக்க மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகும். இப்போது நடப்பது இரண்டாம் சுற்று.

"ஒரு நாள் கூடத் தவறாதா அண்ணாச்சி?" என்றேன்.

"செத்த வீடுன்னா தவறும் தம்பி. காய்ச்சல்னா தவறும். வேற எதுக்குத் தவறணும்? பதினோரு மணி ஆச்சுன்னா இந்தப் படியில இருப்பேன். அம்புட்டுத்தான். சாயங்காலம் படிக்கணும்னு வச்சா ஒரு நாளும் நடக்காது, மாவு ஆட்டுறதுக்கே சரியாப் போயிரும்."

எதற்காக இந்தப் பாடு என்று கேட்ட போதுதான் விஷயம் வந்தது. அவருடைய மகன் இங்கேயே பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "அவன் சின்னப் பிள்ளையா இருக்கயில நான் காலையில சைக்கிள், ராத்திரி கிரைண்டர்னு ஓடிட்டேன். எனக்கே அப்போ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவனுக்கு எங்கேருந்து சொல்லிக் குடுக்க? இப்போ பேத்திக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கிட்ட விட்டுருங்கன்னு மருமக கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். உயிரெழுத்துகள் முடிந்து மெய்யெழுத்து நடக்கிறது. பக்கத்துக்கு நாலு எழுத்து வீதம், கோட்டை விட்டு இறங்கியும் ஏறியும் எழுதியிருந்தாள் குழந்தை. மேலே சிவப்பு மையில் அண்ணாச்சியின் கை. "இந்த வாரம் 'ன'வும் 'ண'வும். சுழியை எண்ணி எண்ணிப் போடுதா" என்று காட்டினார்.

இன்னும் சில பக்கங்களைப் புரட்டியிருப்பேன். மணி பன்னிரண்டரை ஆயிற்று. அரிசி ஊறப் போட வேண்டும் என்று நோட்டை வாங்கிக் கொண்டு எழுந்து விட்டார்.